வானம்பாடி எந்த ஊர்ப் பறவை?
ஆங்கிலேயரின் நாட்டுப்புறச் செவ்வியல் இசை பற்றிச் சில எண்ணங்கள்

கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய இசைத்தட்டுக் கடைகள் உண்டு. தெருவுக்கு மிர்ஸா காலிப் பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகிறது. தட்டு வாங்கப் போகிறவர்கள் வாயில் இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்தான். ஒரு நாள் எம்.எஸ். தட்டு ஒன்றைத் தேடி அங்கே போனேன். அது கிடைக்காத எரிச்சலில் வேறொரு தட்டை வாங்கி வந்தேன். உறையில் பச்சைப் பசேலென்று ஒரு மேய்ச்சல் வெளி போட்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ரால்ஃப் வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய மூன்றாவது சிம்பொனி அது. ‘பாஸ்டரல் சிம்பொனி’ என்று பெயர். மேய்ச்சல் நிலத்துச் சிம்பொனி. நம் கணக்கில் முல்லைத் திணைச் சிம்பொனி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. நான்கு பகுதிகள், நான்கும் ஏறக்குறைய மெதுவாகவே நடக்கின்றன. மெட்டு என்று ஒன்றைப் பிடிக்கப் போனால் அது பனிமூட்டத்துக்குள் நழுவிவிடுகிறது. “என்ன இது, தூங்க வைக்கிற பாட்டா?” என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

அந்த நாட்டுக்காரர்களே இதைக் கேலி செய்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பீட்டர் வார்லாக் என்ற பெயரில் இசையமைத்த பிலிப் ஹெசல்டைன், வான் வில்லியம்ஸின் இசையை வேலிக்கதவுக்கு மேல் தலையை நீட்டிச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பசுவோடு ஒப்பிட்டார். 1950களில் எலிசபெத் லட்யன்ஸ் என்ற இசையமைப்பாளர் இந்த வகை இசை முழுவதற்குமே ‘சாணி இசை’ என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் சூட்ட, அது நிலைத்தேவிட்டது. (இந்த அம்மையார் யார் தெரியுமா? புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் மகள்.)

நான் சொல்ல வருவது இதுதான். கேலி செய்தவர்களும், கொண்டாடித் தட்டின் உறையில் பச்சை வெளியைப் போட்டவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள். ஊரில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பாடிய இசை இது என்று இரு சாராரும் நினைத்தார்கள். அப்படியல்ல. இதில் நல்லவை எல்லாம் ஊரைவிட்டு வெளியே நின்றவர்கள் செய்தவை. வெளியூரில் பிழைக்கும் நமக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை என்றாலும், சாட்சிகளைப் பார்த்துவிடலாம்.

கதை 1903-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சாமர்செட் பகுதியில் ஹாம்ப்ரிட்ஜ் என்ற கிராமத்தில், தோட்டக்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டு செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் குறித்துக்கொண்டார். டிசம்பரில் எஸெக்ஸ் பகுதியின் இங்ரேவ் கிராமத்தில் சார்லஸ் பாட்டிஃபர் என்ற கிழவர் பாடக் கேட்டார் வான் வில்லியம்ஸ். அப்போது அவருக்கு வயது 31. பாதிரியார் வீட்டுப் பிள்ளை. தாய்வழியில் சார்லஸ் டார்வின் குடும்பத்து உறவு. லண்டன் இசைக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, பெர்லினில் மாக்ஸ் புரூக்கிடமும் பாடம் கேட்டவர். இவ்வளவு படித்தவருக்குக் கிடைக்காதது அந்தக் கிழவரிடம் கிடைத்தது. அதற்குப் பின் மிதிவண்டியிலும் நடந்துமாக அலைந்து 800-க்கு மேற்பட்ட பாடல்களைத் திரட்டினார். 1905 ஜனவரியில் நார்ஃபோக் கடற்கரையில் கிங்ஸ் லின் மீனவர்களிடம் கேட்டவை அவற்றில் முக்கியமானவை.

அப்படி என்ன கிடைத்தது? இதை ஐரோப்பியர்களைவிட நம்மவர்களுக்குச் சொல்வது சுலபம். ஐரோப்பியச் செவ்வியல் இசை 300 ஆண்டுகளாக இரண்டே சுரக்கட்டுகளில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஒன்று நம் சங்கராபரணம். மற்றொன்று சோகத்துக்கென்று வைத்துக்கொண்ட மைனர் என்ற கலப்படம். கிராமத்துக் கிழவர்கள் பாடியது இந்த இரண்டுக்கும் அடங்கவில்லை. அவர்களிடம் ஹரிகாம்போதியின் சுரங்கள் இருந்தன, கரகரப்பிரியாவின் சுரங்கள் இருந்தன, நடபைரவியும் இருந்தது. பழைய மாதா கோயில் பண்களின் மிச்சம் என்று அங்குள்ளவர்கள் இவற்றைச் சொல்வார்கள். ஜெர்மன் பாடப் புத்தகத்தில் அழிந்துவிட்டதாக எழுதி வைத்திருந்த பண்கள் உள்ளூர்க்காரன் வாயில் உயிரோடிருந்தன. வான் வில்லியம்ஸுக்கு ஏற்பட்ட பரவசம் புரிகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சுரங்கள் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. 1910 செப்டம்பர் 6 அன்று குளோஸ்டர் பேராலயத்தில் அவருடைய ‘தாமஸ் டாலிஸ் ஃபேன்டேஸியா’ அரங்கேறியது. தாமஸ் டாலிஸ் 1567-இல் எழுதிய ஒரு சங்கீத மெட்டை எடுத்துக்கொண்டு, தந்தி வாத்தியங்களை இரண்டு கூட்டமாகவும் தனியே நால்வராகவும் பிரித்து, ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வைத்தார். அந்த மெட்டின் சுரங்கள் அசல் தோடி. முதல் தடவை கேட்டபோது தோடியைத் தேடித்தான் காது போயிற்று. காந்தாரம் அசையவே இல்லை. தோடியின் காந்தாரம் அசையாவிட்டால் அது என்ன தோடி? நாம் கமகத்தில் செய்வதை அவர்கள் கற்சுவரின் எதிரொலியில் செய்கிறார்கள் என்பது பல தடவை கேட்ட பின்தான் விளங்கிற்று. அந்த இரவு கூட்டத்தில் இருந்த இரண்டு பையன்கள், 20 வயது ஐவர் கர்னியும் 17 வயது ஹெர்பர்ட் ஹவல்ஸும், உறக்கம் கொள்ளாமல் குளோஸ்டர் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். ஐவர் கர்னியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

இனி வானம்பாடி. ‘தி லார்க் அசெண்டிங்’, அதாவது வானேறும் வானம்பாடி, வான் வில்லியம்ஸின் படைப்புகளிலேயே அதிகப் பேர் கேட்டது. பிரிட்டிஷ் வானொலி நேயர்களின் வாக்கெடுப்பில் பல முறை முதலிடம் பெற்றது. ஜார்ஜ் மெரிடித் 1881-இல் எழுதிய கவிதை ஒன்றை ஒட்டி 1914-இல் எழுதப்பட்டு, போருக்குப் பிறகு திருத்தப்பட்டு, வாத்தியக்குழுவோடு 1921-இல் லண்டனில் அரங்கேறியது. சுமார் கால் மணி நேரம்.

ஆரம்பத்தில் தனி வயலின் ஏறுகிறதே, அதற்குத் தாளம் கிடையாது. எழுதிய தாளில் தாளக் கோடுகளே போடவில்லை. நம் ஆலாபனை மாதிரி மூச்சின் கணக்கில்தான் போகிறது. வருவது ஐந்தே சுரங்கள். எது ஆதார ஸட்ஜம் என்பதை வயலின் சொல்லவே மாட்டேன் என்கிறது. ஓரிடத்தில் நின்று கேட்டால் மோகனம். வேறொரு சுரத்தில் நின்றால் சுத்த சாவேரி. இன்னொன்றில் நின்றால் சுத்த தன்யாசி. நம் கச்சேரிகளில் கிரகபேதம் என்று வித்வான் காட்டிக் கைதட்டல் வாங்குவதை இந்த மனிதர் ஒரு பறவையின் குணமாக ஆக்கிவிட்டார். தரையில் கால் பாவாத பறவைக்கு ஆதார சுருதி எதற்கு?

ஆய்ச்சியர் குரவையின் முல்லைப்பண் மோகனம்தான் என்று நம் இசை ஆராய்ச்சியாளர் சிலர் சொல்வது உங்களுக்கு ஞாபகம் வரலாம். எனக்கும் வந்தது. அதை வைத்துக்கொண்டு இரு நாட்டு இடையரும் ஒரே பண் பாடினார்கள் என்று மேடையில் முழங்க ஆசைதான். ஐந்து சுரக்கட்டு உலகமெங்கும் இருக்கிறது, சீனத்திலும் இருக்கிறது, ஸ்காட்லாந்திலும் இருக்கிறது, ஆகையால் வேண்டாம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் பறவையையும் மரத்தையும் போலவே பறையையும் யாழையும் கருப்பொருளாகச் சொல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இசை ஒரு நிலத்தின் விளைபொருள் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

உண்மையில் இந்தப் படைப்பின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நடுவில் வரும் கிராமிய நடனம் போன்ற பகுதி சற்று அலங்காரமானது. சுற்றுலாத் துறைப் படம் போல. முதலிலும் கடைசியிலும் வயலின் தனியே ஏறி, ஒலி எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும் இடங்களே உயிர். ஆனால் வானொலிக்காரர்கள் அதை இளைப்பாறும் இசை என்று விற்கிறார்கள். அந்தப் பறவையோ இன்று பிரிட்டனில் அருகிவரும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வசந்தத்தில் விதைத்த தானியத்தை இலையுதிர் காலத்திலேயே விதைக்க ஆரம்பித்தார்கள். கூடு கட்டுகிற பருவத்தில் பயிர் உயரமாகவும் அடர்த்தியாகவும் நின்றுவிட, வானம்பாடிக்கு இறங்க இடமில்லை. அழிகிற பறவையின் பாட்டுக்குப் பல முறை முதலிடம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யாருடைய ஊர் இது? 1851 மக்கள் கணக்கிலேயே இங்கிலாந்து–வேல்ஸில் நகரத்தார் தொகை கிராமத்தாரை மிஞ்சிவிட்டது. பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. கூலிக்காரன் ஆலைக்குப் போனான், கனடாவுக்குப் போனான். அவன் போன பிறகு, படித்த நகரத்துக் கனவான்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து அவன் பாட்டை எழுதிக்கொண்டார்கள். பாட்டு வந்தது, அவன் முதுகு வலி வரவில்லை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் எழுதிய ‘நாடும் நகரமும்’ என்ற நூலில் இதை வேடிக்கையாக நிரூபிக்கிறார். பழைய நல்ல கிராமம் போன தலைமுறையோடு போயிற்று என்று ஒவ்வொரு தலைமுறையும் புலம்புகிறது; அந்தப் போன தலைமுறையைப் பிடித்துக் கேட்டால் அதுவும் அப்படியே சொல்கிறது.

வான் வில்லியம்ஸுக்காக ஒன்று சொல்லலாம். அவர் பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். 1906-இல் ஆங்கிலத் திருச்சபைப் பாடல் புத்தகத்துக்கு அவர் இசைப் பதிப்பாசிரியரானபோது, வயல்காட்டுப் பாட்டின் மெட்டுகளைக் கோயிலுக்குள் கொண்டுவந்து, கேட்ட ஊரின் பெயரையே மெட்டுக்கு வைத்தார். ‘ஃபாரஸ்ட் கிரீன்’ என்ற சர்ரே கிராமத்தில் கேட்டது அப்படித்தான் கிறிஸ்துமஸ் பாட்டாகி உலகம் சுற்றியது. (கல்கத்தாக்காரர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். ரவீந்திரர் ஸ்காட்லாந்து மெட்டை எடுத்து எழுதிய பாட்டை நம் பிள்ளைகள் வங்காளப் பாட்டென்றே பள்ளியில் பாடுகிறார்கள்.) பெர்சி கிரெயிஞ்சர் இன்னும் ஒரு படி மேலே போய், 1906-இல் லிங்கன்ஷயரில் ஜோசப் டெய்லர் என்ற பண்ணைக் காரியஸ்தரின் குரலை ஃபோனோகிராஃபில் பதிவு செய்தார். 1908-இல் கிராமஃபோன் கம்பெனி அவர் பாடிய தட்டுகளை வெளியிட்டது. அந்தக் குரலை இன்றும் கேட்கலாம். கேட்டுவிட்டு வாத்தியக்குழுவின் பிரம்மாண்டத்துக்குத் திரும்பினால், பின்னதில் ஏதோ குறைகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு கறாராகக் கேட்கிற நான் யார் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். என் அப்பா 1950களில் குடமுருட்டிக் கரையிலிருந்து டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு இங்கே வந்தவர். ஆறு, படித்துறை, மார்கழி பஜனை எல்லாம் சொல்வார், நாள் கணக்கில் சொல்வார். ஊரை விட்டு ஏன் வந்தார் என்று சொன்னதில்லை. எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர்களில் ஒருவர் பெயரையாவது சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. லேக் மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிவந்து, அட்டையில் குடிசை வெட்டி நிறுத்தி, நாற்றங்காலைக் கண்ணால் பார்க்காத பேத்திக்கு முண்டாசு கட்டி ஆட விடுகிறோமே, அந்த மேடைக்கும் வான் வில்லியம்ஸின் மேடைக்கும் தூரம் அதிகமில்லை.

பொய் என்று தள்ளிவிடலாமா? அங்கேதான் ஃப்ரெடரிக் டீலியஸின் உதாரணம் எனக்கு உதவுகிறது. இங்கிலாந்து வசந்தத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் ‘வசந்தத்தில் முதல் குயிலோசை கேட்டு’ (1912) அவருடையது. பூர்வீகத்தைப் பாருங்கள். பெற்றோர் ஜெர்மானியர், பிறந்தது பிராட்ஃபோர்டில், கம்பளி வியாபாரக் குடும்பத்தில். இளமையில் ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டம் பார்க்கப் போய், அங்கே கறுப்பினத் தொழிலாளர் இரவில் பாடக் கேட்டுத்தான் இசைப் பைத்தியம் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வாழ்ந்தது பாரிஸுக்கு அப்பால் கிரே என்ற பிரெஞ்சுக் கிராமத்தில். ‘குயிலோசை’யில் வரும் நாட்டுப் பாடலோ நார்வே நாட்டினது. அரங்கேற்றம் 1913 அக்டோபரில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில்! இதில் எது இங்கிலாந்து? ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஈரம் காயாத காலை, எங்கோ ஒரு குயில், அதைக் கேட்கிறவன் அங்கே இல்லை என்ற உணர்ச்சி. கடைசி வார்த்தைதான் முக்கியம். கண் பார்வை போய், கை கால் முடங்கி 1934-இல் இறந்த டீலியஸை மறு ஆண்டு இங்கிலாந்தின் லிம்ப்ஸ்ஃபீல்ட் கிராமத்துக் கோயில் தோட்டத்தில் கொண்டுவந்து புதைத்தார்கள். வாழ மாட்டேன் என்று சொன்ன நாட்டின் கிராமத்தில்தான் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வெளியிலிருந்து வந்தவர் கதை அவரோடு முடியவில்லை. குஸ்டவ் ஹோல்ஸ்டின் முன்னோர் ரீகாவிலிருந்து வந்தவர்கள். போர்க்காலத்தில் ஜெர்மன் வாடை வேண்டாமென்று 1918-இல் பெயரிலிருந்த ‘வான்’ என்பதை அவர் எடுத்துவிட வேண்டியிருந்தது. இவருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அகராதியை வைத்துக்கொண்டு சமஸ்கிருதம் படித்து, ரிக் வேதப் பாடல்களுக்கும் சாவித்திரி கதைக்கும் இசை அமைத்தவர். காளிதாசனின் மேகதூதத்தைத் தாமே ஆங்கிலத்தில் தழுவிப் பெரிய கூட்டிசையாக எழுதினார். 1913-இல் லண்டனில் அரங்கேறித் தோற்றது. அதில் ரொம்பவும் உடைந்து போனாராம். ஊரைவிட்டு ஓராண்டு விலக்கப்பட்ட யக்ஷன், மேகத்துக்கு ஊர் வழி சொல்கிறான் அல்லவா? மலை மலையாக, ஆறு ஆறாகச் சொல்கிறான். பிரிந்தவன்தான் வழியை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்வான்.

ஹோல்ஸ்டின் ‘எக்டன் ஹீத்’ (1927) இந்த வகையிலேயே நேர்மையான படைப்பு என்பது என் துணிபு. தாமஸ் ஹார்டியின் நாவலில் வரும் புதர்மேட்டு நிலம் அது. 1927-இல் எண்பது கடந்த ஹார்டியோடு ஹோல்ஸ்ட் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்தார். டபுள் பாஸ் வாத்தியங்கள் முணுமுணுக்கத் தொடங்குகிறது. ஆறுதல் ஒன்றும் தருவதில்லை. முல்லை என்று எண்ணிப் போனவனைப் பாலையில் நிறுத்துகிற இசை. ஹார்டி 1928 ஜனவரியில் இறந்தார். அடுத்த மாதம் நியூயார்க்கில் அரங்கேறியது. ஹோல்ஸ்ட் தம்முடைய சிறந்த படைப்பு இதுவே என்று எண்ணினார். ஜனங்கள் ‘கிரகங்க’ளைத்தான் கேட்டார்கள், இன்றும் அப்படியே.

ஜெரால்ட் ஃபின்ஸியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இனிமையானவர், சில இடங்களில் அளவுக்கு மீறி இனிமையானவர். யூதக் குடும்பத்தில் லண்டனில் பிறந்து, ஹாம்ப்ஷயர் குன்றில் வீடு கட்டிக்கொண்டு, மறைந்துவரும் ஆங்கிலேய ஆப்பிள் வகைகளைத் தேடித் தேடி நட்டு வளர்த்தார். அந்தச் செயல் அவருடைய சில பாடல்களைவிட எனக்குப் பிடிக்கும்.

ஜார்ஜ் பட்டர்வொர்த்துக்கு வருவோம். அப்பா ரயில்வே கம்பெனியின் தலைமை நிர்வாகி. மகன் நாட்டுப்பாடல் திரட்டினார்; மாரிஸ் என்ற கிராமிய ஆட்டம் ஆடுவதில் கெட்டிக்காரர். 1912-இல் எடுத்த சலனப்படத்தில் கால் சலங்கையோடு அவர் குதித்து ஆடுவதைப் பார்க்கலாம். ஹவுஸ்மனின் ‘ஷ்ராப்ஷயர் பையன்’ கவிதைகளுக்கு மெட்டமைத்து, அதில் ஒரு மெட்டை வைத்து வாத்தியக்குழுவுக்கு ஒரு ராப்ஸடி எழுதினார். 1913 அக்டோபர் 2-இல் லீட்ஸ் நகரில் ஆர்தர் நிகிஷ் அதை நடத்தினார். மூன்றே வாரம் கழித்து லைப்ஸிக்கில் டீலியஸின் குயிலை அரங்கேற்றியதும் இதே நிகிஷ், ஹங்கேரியக்காரர். பத்து நிமிஷ இசை. வருகிற மெட்டு பாதியிலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறது. இன்னொரு விஷயம்: ஹவுஸ்மன் ஷ்ராப்ஷயர்க்காரரே அல்ல. பக்கத்து வோர்ஸ்டர்ஷயரில் பிறந்தவர். சிறு வயதில் மேற்கே அடிவானத்தில் தெரிந்த குன்றுகள்தான் அவருக்கு ஷ்ராப்ஷயர். லண்டனில் லத்தீன் பேராசிரியராக இருந்துகொண்டு அந்தக் கவிதைகளை எழுதி 1896-இல் வெளியிட்டார். தூரத்துக் குன்றையே சொந்த ஊராக்கிக்கொண்ட ஒருவரின் சொல்லுக்கு, ரயில்வே அதிகாரி மகன் மெட்டுப் போட்டார்.

பட்டர்வொர்த் 1916 ஆகஸ்ட் 5 விடியலில் ஸோம் போர்முனையில் கொல்லப்பட்டார். வயது 31. உடல் கிடைக்கவில்லை. அங்கே வெட்டிய பதுங்குகுழி ஒன்றுக்கு அவர் பெயர் இருந்தது. போருக்குப் போகும் முன் பிடிக்காத கையெழுத்துப் படிகளை எல்லாம் அழித்துவிட்டுப் போனார் என்பதால், மிஞ்சியது ஒரு கைப்பிடி.

இப்போது அலமாரியில் கிடந்த என் தட்டு. வான் வில்லியம்ஸ் 42 வயதில், போக வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும், மருத்துவப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1916-இல் பிரான்ஸில் எகுவாவ்ர் என்ற இடத்தில் அடிபட்டவர்களை ஏற்றிவரும் வண்டியில் வேலை. மாலை நேரங்களில் வண்டியோடு மேடேறினால், சூரியன் சாயும்போது ஓர் அற்புதமான நிலக்காட்சி தெரியுமாம். பாஸ்டரல் சிம்பொனி அங்கே கருக்கொண்டது. ஆட்டுக்குட்டி துள்ளும் புல்வெளி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், அது போர்க்கால இசை என்று 1938-இல்தான் ஒரு கடிதத்தில் எழுதினார். அரங்கேறியதோ 1922-இல்! பதினாறு வருஷம் வாயைத் திறக்கவில்லை. உறைமேல் போட்ட பச்சை வெளி இங்கிலாந்தே இல்லை, பிரான்ஸ். அதிலும் பிணங்கள் புதைந்த பிரான்ஸ்.

இது தெரிந்த பிறகு தட்டை மறுபடி எடுத்தேன். இரண்டாம் பகுதியில் எல்லாம் அடங்கி, தந்திகள் ஒரே ஒலியைப் பிடித்து நிற்க, ஒரு ட்ரம்பெட் தனியே பேசுகிறது. போர்முனையில் ஒரு சிப்பாய் ஊதுகொம்பு பழகிக்கொண்டிருந்தான். மேல் ஸட்ஜத்தை எட்டப் போய் ஒவ்வொரு தடவையும் நிஷாதத்தில் சறுக்கினான். அந்தச் சறுக்கலை அப்படியே வைத்தார் வான் வில்லியம்ஸ். பொத்தான் இல்லாத பழைய ட்ரம்பெட்டில் இயற்கையாக வரும் அந்தச் சுரம் கைசிகி நிஷாதத்தைவிட ஒரு நூலிழை கீழே இருக்கும். மேற்கத்தியக் காதுக்கு அபஸ்வரம். சுருதிச் சுத்தம் பார்க்கும் நம் காதுக்கு, அபஸ்வரம் என்று தள்ளவும் முடியாது, சேர்த்துக்கொள்ளவும் முடியாது. முன்னே நான் இதை வாசித்தவரின் பிழை என்று நினைத்திருந்தேன், தட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுகூட.

கடைசிப் பகுதியில் முரசு மெல்ல உருள, தூரத்திலிருந்து ஒரு பெண் குரல். சொல் இல்லை. தாலாட்டா, ஒப்பாரியா என்று கேட்டால் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. எந்த நாட்டுக்காரி, எந்தப் பக்கத்துச் சிப்பாயின் தாய் என்பதும் தெரியாது. முடிவில் அதே குரல் திரும்ப வந்து, மேலே வயலின் பிடித்த ஒற்றைச் சுரத்துக்குக் கீழே ஓய்கிறது. வீட்டில் இந்தத் தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐவர் கர்னி. குளோஸ்டரில் தையல்காரர் மகன். பாட்டும் கட்டுவார், கவிதையும் எழுதுவார். சாதாரணச் சிப்பாயாகப் போய், 1917-இல் முதலில் குண்டடி, பிறகு விஷவாயு. பதுங்குகுழிகளுக்கு நடுவே எழுதி மெட்டமைத்த பாடல்களில் ‘செவர்ன் புல்வெளிகள்’ ஒன்று; இரண்டு நிமிஷம்கூட இல்லை. செவர்ன் அவர் ஊர் ஆறு. அந்த ஊரைப் பற்றிய இசையில் இதைவிடச் சிறிதாகவும் இதைவிடப் பெரிதாகவும் நான் ஒன்றும் கேட்டதில்லை. போர் முடிந்து வந்தவருக்கு மனம் கலங்கியது. 1922-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதில் பெரும் பகுதி லண்டனைத் தாண்டி டார்ட்ஃபோர்டில். தம் ஊர்ச் சாலைகளில் இரவெல்லாம் நடந்து திரிந்த மனிதர், மதிலுக்குள் பதினைந்து வருஷம். 1937 டிசம்பர் 26-இல் காசநோயில் இறந்தார்.

அவரைப் பார்க்க ஹெலன் தாமஸ் என்ற அம்மையார் போவதுண்டு. போரில் இறந்த கவிஞர் எட்வர்ட் தாமஸின் மனைவி. அடுத்த முறை என்ன கொண்டுபோவது என்று யோசித்தவர், பழமோ பூவோ கொண்டுபோகவில்லை. கணவர் நடைப்பயணங்களுக்கு மடித்து மடித்துப் பயன்படுத்திய குளோஸ்டர்ஷயர் நில அளவை வரைபடங்களை எடுத்துப் போனார். படுக்கையில் விரித்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் கர்னி விரலால் நடந்தார்; இந்தச் சந்து, இந்தப் பாலம், இங்கே ஒரு வேலித் தாண்டு, அதைத் தாண்டினால் மேடு. அம்மையாரின் விரல் கூடவே போயிற்று.